சிவப்புக் கோடு போட்ட மூன்று அளவுகள்

அந்தச் சலவை ஆலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லிட்டர் அண்ணன் என்றால்தான் தெரியும். ஒரு கிலோ துணி துவைக்க இருபத்திரண்டு லிட்டர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இயந்திரங்களைத் தட்டியும் திட்டியும் கெஞ்சியும் பதின்மூன்று லிட்டருக்குக் கொண்டுவந்த ஆள் அவர். புதிதாகச் சேர்ந்தவன் எவனாவது கை கழுவக் குழாயைத் திறந்துவிட்டு வாய் பார்த்துக்கொண்டு நின்றால், பின்னாலிருந்து ஒரு கை வந்து குழாயை மூடும். திரும்பினால் லிட்டர் அண்ணன் நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் பேசாமல் நிற்பதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

ஆலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நீளமாக ஒரு கொட்டகை, ஆறு துவைக்கும் இயந்திரங்கள், நான்கு உலர்த்திகள், தேய்த்து மடிக்க ஒரு சூடான உருளை, பின்புறம் இரும்பு மூடி போட்ட கிணறு. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளும் நோயாளிகளின் உடுப்புகளும் அழுக்கு மூட்டைகளாக வந்து வெதுவெதுப்பான அடுக்குகளாகத் திரும்பிப் போகும். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு மருத்துவமனை. இப்போது நான்கு. ஐந்தாவது வாசலில் வந்து நிற்கிறது. அது கேட்பது ஒரே ஒரு காகிதம்: இந்த ஆலை தன் கிணற்றை வற்றவிடாமல், காலாகாலத்துக்கும் நீடிக்கிற மாதிரி பயன்படுத்துகிறது என்று ஒரு சான்றிதழ்.

சான்றிதழுக்கு ஆதாரம் லிட்டர் அண்ணனின் நோட்டு. எட்டு வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஆறு மணிக்கு, மோட்டார் போடும் முன், கிணற்று மூடியைத் தூக்கி, சுண்ணாம்புக் கட்டி தேய்த்த அளவு நாடாவைப் பித்தளைக் குண்டோடு உள்ளே இறக்குவார். சுண்ணாம்பு எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்தால், தரையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எண் கூடினால் கிணறு இறங்குகிறது என்று அர்த்தம். மோட்டார் ஓடும்போது தண்ணீர் குதிக்கும், நாடா குழாயில் சுற்றிக்கொள்ளும். ஆடாத தண்ணீரைத்தான் அளக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஞாயிறு முழுக்க ஆலைக்கு விடுமுறை என்பதால் திங்கள் காலைத் தண்ணீரைப் போல ஆடாத தண்ணீர் வேறு கிடையாது.

நானூற்றுப் பதினாறு திங்கட்கிழமைகள். எட்டு வருடத்துக்கு முன்பும் ஒன்பது மீட்டர், போன வாரமும் ஒன்பது மீட்டர். நடுவில் அரை சாண் இப்படி அப்படி. முதலாளியம்மா அந்த நோட்டை வைக்க வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டியே செய்யச் சொல்லியிருந்தார். சான்றிதழ் கொடுக்கிற ஆய்வாளர் பத்து நாளில் வருகிறார். அன்றைக்குப் போட்டுக்கொள்ள லிட்டர் அண்ணன் ஒரு சட்டை வாங்கி, அட்டையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் தங்கை வந்திருந்தாள்.

தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடுவாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். பிறகு அவள் டாக்டர் பட்டமும் வாங்கினாள். ஆனால் வழக்கும் நடத்தமாட்டாள், ஊசியும் போடமாட்டாள். அறிவியல் தத்துவம் என்று ஒன்றை வேறு ஊர்க் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அம்மாள், "உங்க பொண்ணு டாக்டராமே, எனக்கு இந்த முழங்கால் வலி..." என்று ஆரம்பிக்கும்போதெல்லாம், "அவ அந்த டாக்டர் இல்லைங்க" என்பார் அம்மா. "பின்ன எந்த டாக்டர்?" என்று கேட்டால் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவார். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டு அடுப்பில் பால் இருந்துகொண்டே இருந்தது.

சாப்பாடு முடிந்து, மேசையைத் துடைத்து, லிட்டர் அண்ணன் நோட்டை எடுத்துத் தங்கைக்கு முன்னால் வைத்தார். உள்ளுக்குள் எதிர்பார்த்தது பாராட்டை. ஒப்புக்கொள்ளமாட்டார், ஆனால் அதுதான்.

அவள் நிதானமாகப் புரட்டினாள். பாதி நோட்டு வந்ததும் நிமிர்ந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேக்காம விட்டுடவா போற?"

"கிணறு நிஜமாவே வத்திக்கிட்டு வருதுன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கோ. அப்படி இருந்தா இந்த நோட்டு எப்படி இருக்கும்?"

"எண்ணு ஏறிக்கிட்டே போகும். பத்து, பதினொண்ணுன்னு."

"திங்கக்கிழமையுமா? ஒரு நாள் முழுக்க ஊறி நிரம்பினதுக்கு அப்புறமுமா?"

லிட்டர் அண்ணன் துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தார்.

"கிணறு நல்லா இருந்தாலும் ஒன்பது, வாரம் முழுக்க அடி வரைக்கும் போய்ட்டு ஞாயித்துக்கிழமை நிரம்பினாலும் ஒன்பது. எப்படி இருந்தாலும் ஒரே பதில்தான் வரும்னா, அது எதைச் சொல்லுதுண்ணா? கிணறு கெட்டுப்போனா எல்லாருக்கும் தெரிஞ்சதுக்கு அப்புறம் கடைசியாத்தான் திங்கக்கிழமைக்குத் தெரியும்."

"எட்டு வருஷம்!" என்று கத்தினார் அவர். "மழையிலயும் காய்ச்சல்லயும் ஒரு திங்கக்கிழமை விட்டதில்ல. நீ குளுகுளு அறையில உக்காந்து தத்துவம் பேசுறவ. அறிவியலுக்கு எதுக்குடி தத்துவம்? ஆம்புலன்ஸுக்குப் பின்னாடி ஓடுற சைக்கிள் மாதிரி!"

"கத்தாதடா, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றார் அம்மா.

தங்கைக்குக் கோபம் வரவில்லை. அவள் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். "இது என்ன? சிவப்புல அடிச்சிருக்கே?"

"தப்பான அளவு. நாடா குழாயில சுத்திக்கிச்சு. எட்டு வருஷத்துல மூணு தடவை ஆச்சு. மூணையும் அடிச்சுட்டேன்."

"சரி" என்றாள் அவள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாமல் விட்டது இதுதான் முதல் தடவை. அதனாலேயே அது அவரைக் குடைய ஆரம்பித்தது.

திங்கள் காலை அளந்தார். ஒன்பது. வழக்கமாக அந்த எண்ணைப் பார்த்ததும் நெஞ்சு நிமிரும். அன்றைக்கு நிமிரவில்லை. மதிய இடைவேளையில் கிணற்றடியில் உட்கார்ந்து சிவப்புக் கோடுகளைத் தேடினார். முதல் கோட்டுக்கு அடியில் பதினொன்றரை மீட்டர், ஆறு வருடத்துக்கு முன். இரண்டாவதுக்கு அடியில் பதினான்கு, நான்கு வருடத்துக்கு முன். மூன்றாவது பதினாறு, போன வருடம். மூன்றும் திங்கட்கிழமை இல்லை. மோட்டார் வாரத்தின் நடுவில் பழுதாகி நின்றபோது, இருக்கட்டுமே என்று நாடாவை இறக்கிப் பார்த்தவை. வியாழன், வெள்ளி, மறுபடியும் வியாழன். ஒவ்வொரு தடவையும் எண் அதிகமாக வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் நாடாவின் மேல் பழி போட்டிருக்கிறார். ஒன்பதுதான் சரி என்று அவருக்கு முன்னாலேயே தெரியுமே!

கிலோவுக்குப் பதின்மூன்று லிட்டர் என்று மார்தட்டிய மனுஷன், கிலோ எத்தனை என்று பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் கிலோ துணி, நாற்பத்து நாலாயிரம் லிட்டர். இப்போது ஆறாயிரம் கிலோ, எழுபத்தெட்டாயிரம் லிட்டர். சிக்கனமாகத்தான் குடித்தார்கள், ஆனால் கூடுதலாகக் குடித்தார்கள். கிணற்றுக்குச் சிக்கனம் தெரியாது.

அன்று சாயங்காலம் தங்கைக்கு முன்னால் போய் நின்றார். "மூணு அளவை வெச்சு முடிவு கட்ட முடியுமா?"

"முடியாது. மூணு ரொம்பக் கம்மி. நானே தப்பா இருக்கலாம்."

"அப்ப என்னதான் பண்றது?"

"நீ சொல்லுண்ணா. உனக்குத்தான் கிணத்தைத் தெரியும்."

அவர் யோசித்தார். அந்த யோசனை அவருடையது, அதில் தங்கைக்குப் பங்கில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார்: *வரும் சனிக்கிழமை மாலை, மோட்டார் நின்றதும் அளப்பேன். சிவப்புக் கோடுகள் உண்மையானால் பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் வர வேண்டும். பன்னிரண்டுக்குள் வந்தால் என் திங்கட்கிழமை நோட்டுதான் சரி. இரண்டும் இல்லாமல் நடுவில் வந்தால் தெரியவில்லை என்று எழுதுவேன்.* தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, நாலாக மடித்து அம்மாவிடம் கொடுத்தார்.

"என்னடா இது, உயிலா?"

"சனிக்கிழமை வரைக்கும் பிரிக்கக் கூடாது."

அம்மா சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தார். அன்றிரவே பிரித்துப் படித்துவிட்டார், அது வேறு விஷயம்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு மோட்டார் நின்றது. மற்றவர்கள் கை கழுவி, தலை வாரி, வீட்டுக்கு ஓடினார்கள். எட்டு வருடமாக அவரும் அப்படித்தான் ஓடியிருக்கிறார். இன்றைக்குக் கிணற்று மூடியைத் தூக்கினார். குண்டு போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டில் நின்றுவிடேன் என்று மனசு கெஞ்சியது. நிற்கவில்லை. சத்தம் கேட்டபோது கையில் நாடா கொஞ்சம்தான் மிச்சம். மேலே இழுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பதினேழு மீட்டர் எண்பது.

தண்ணீரை உறிஞ்சும் மோட்டாரின் வாய் இருபதாவது மீட்டரில் இருக்கிறது.

அவர் அங்கேயே சிமெண்ட் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். எட்டு வருடம் போயிற்றே என்று மனசு அடித்துக்கொண்டது. அதோடு சேர்ந்து, வெட்கமில்லாமல், இன்னொன்றும் எழும்பியது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்காமலே, இன்ன நேரத்தில் இத்தனை இருக்கும் என்று முன்கூட்டி எழுதி, அது பொய்க்க வழியும் விட்டு, அப்புறம் அளந்திருக்கிறார். சொன்னபடியே வந்திருக்கிறது. நானூற்றுப் பதினாறு திங்கட்கிழமைகளில் ஒன்றுகூட இந்த மாதிரி அவர் முதுகைத் தட்டியதில்லை.

முதலாளியம்மாவிடம் திங்கட்கிழமையே சொல்லிவிட்டார். அவர் நோட்டையும் பார்த்தார், லிட்டர் அண்ணனையும் பார்த்தார்.

"சனியனை விலைக்கு வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"ஆமாம்மா."

"திங்கக்கிழமை அளவு பொய்யா?"

"பொய்யில்லம்மா."

"அப்ப அதைக் காட்டுறதுல என்ன தப்பு? ஆய்வாளர் கேட்டா சொல்லுங்க. கேக்கலைன்னா வாயைத் திறக்காதீங்க. நாப்பது பேர் வயித்துப்பாடு இதுல இருக்கு. உங்களுதும்தான்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்ட தங்கைக்குப் போன் செய்யலாமா என்று பத்து தடவை எடுத்து, பத்து தடவையும் வைத்துவிட்டார். இது அவள் கிணறு இல்லை.

புதன்கிழமை மதியம் ஆய்வாளர் வந்தார். கையில் அட்டை, அட்டையில் கட்டம் கட்டமாய்க் கேள்விகள். களைத்த மனிதர். அன்றைக்கு அது அவருக்கு மூன்றாவது ஆலை. இயந்திரங்களைப் பார்த்தார், டிக் அடித்தார். கிலோவுக்குப் பதின்மூன்று லிட்டர் என்றதும் புருவம் தூக்கினார், டிக் அடித்தார். நோட்டைப் புரட்டினார். "எட்டு வருஷமா? அருமை. இந்த மாதிரி நோட்டு நான் எங்கயும் பார்த்ததில்ல" என்றார். பேனா கடைசிக் கட்டத்துக்குப் போனது. புதுச் சட்டையின் காலர் லிட்டர் அண்ணனின் கழுத்தை அறுத்தது.

அப்போது காற்றில் ஒரு பக்கம் புரண்டது.

"இது என்ன சிவப்புக் கோடு?" ஆய்வாளர் சும்மாதான் கேட்டார். கண் அட்டையில்தான் இருந்தது.

"அது பழைய கைத்தப்பு" என்றார் முதலாளியம்மா.

தலையை ஆட்டினால் போதும். எட்டு வருடமும் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாகப் போய்விடும். லிட்டர் அண்ணன் குழாயடியில் நிற்கிற மாதிரி ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். அப்புறம் பேசினார்.

"அது தப்பில்ல சார். அடிச்சதுதான் தப்பு."

முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"திங்கக்கிழமை அளவு எதுவும் பொய்யில்ல சார். ஆனா அது கிணறு தூங்கி எந்திரிச்ச மூஞ்சி. களைச்ச மூஞ்சியை எட்டு வருஷத்துல மூணு தடவைதான் பார்த்தேன். மூணு தடவையும் இது எங்க கிணறு இல்லன்னு அடிச்சுட்டேன். போன சனிக்கிழமை வேணும்னே பார்த்தேன். பதினேழு எண்பது. மோட்டார் வாய் இருபதுல இருக்கு. அஞ்சாவது ஆஸ்பத்திரித் துணியும் வந்தா வெள்ளிக்கிழமைக்கெல்லாம் மோட்டார் காத்தைத்தான் உறிஞ்சும்."

சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருந்த காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஆய்வாளர் அதை இரண்டு தடவை படித்தார். அட்டையை மேசைமேல் வைத்தார்.

"இதை அளக்குறதுக்கு முன்னாடியே எழுதினீங்களா?"

"ஆமா சார். எங்கம்மா சாட்சி."

"பதினெட்டு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன்" என்றார் ஆய்வாளர். "நாங்க சரியாத்தான் இருக்கோம்னு எல்லாரும் காகிதம் காட்டுவாங்க. நாங்க தப்பா இருந்தா இப்படித் தெரியும்னு ஒருத்தரும் காட்டினதில்ல." அட்டையை மறுபடி எடுத்து, "ஆனா சான்றிதழ் தர முடியாது. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி வரேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது லிட்டர் அண்ணனுக்கு மட்டும் கை கொடுத்தார்.

நான்கு நாள் முதலாளியம்மா அவரோடு பேசவில்லை. ஐந்தாவது நாள் கிணற்றடிக்கு வந்தார். "நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அஞ்சு ஆஸ்பத்திரியில விரிப்பு இல்லாமப் போயிருந்தா என்ன ஆகும்னு நெனச்சா உடம்பு நடுங்குது. அஞ்சாவது ஆஸ்பத்திரி ஒரு வருஷம் பொறுத்துக்கறோம்னாங்க, நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்." பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்டார்: "இப்ப என்ன பண்ணலாம், லிட்டர்?"

கடைசி அலசலின் தண்ணீர் அத்தனை அழுக்கில்லை. அதை ஒரு தொட்டியில் பிடித்து அடுத்த மூட்டையின் முதல் நனைப்புக்கு விடலாம் என்றார் அவர். நாற்பது பேரும் சேர்ந்து குழாய் மாற்றினார்கள். போன மாதம் குழாயைத் திறந்துவிட்டு வாய் பார்த்து நின்ற ஒரு புது ஆள்தான் தொட்டிக்கு இடம் பார்த்துச் சொன்னவன்.

நடந்ததையெல்லாம் போனில் கேட்டுவிட்டுத் தங்கை, "அண்ணா, பன்னிரண்டு வருஷமா இதைத்தான் வகுப்புல சொல்லிக்கொடுக்கிறேன். செஞ்சு காட்டின ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. லிட்டர் அண்ணன், "சரி சரி, போன் கட்டணம் ஏறுது, வை" என்று சொல்லிவிட்டு, வைக்காமல் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டு அம்மாள் மறுபடியும் முழங்காலோடு வந்தபோது அம்மா அடுப்படிக்கு ஓடவில்லை. கதவை அகலத் திறந்துவைத்து, நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார். "எம் பொண்ணு எந்த டாக்டர்னு கேட்டீங்கள்ல? எல்லாம் நல்லா இருக்குன்னு நாம நெனச்சுக்கிட்டு இருப்போம் பாருங்க, அங்க வந்து, நல்லா இல்லைன்னா உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பா. அந்த டாக்டர்."

"அதுக்கு மருந்து?"

"அதைக் குடுக்கத்தான் என் பையன் இருக்கான்" என்றார் அம்மா.

இப்போது நோட்டு புதிது. நாள் சனிக்கிழமை. முதல் பக்கத்தில் லிட்டர் அண்ணனின் கையெழுத்தில்: *அலசல் தண்ணீர்த் தொட்டி போட்டதால் மூன்று மாதத்தில் சனிக்கிழமை அளவு பதினான்குக்கு வரும் என்கிறேன். வராவிட்டால் நான் சொன்னது பொய்.*

மூன்று மாதம் முடிந்த சனிக்கிழமை கிணற்றடியில் ஒரு கூட்டமே நின்றது. முதலாளியம்மாகூட வந்திருந்தார். குண்டு இறங்கியது, நாடா ஏறியது. லிட்டர் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"பதினஞ்சு இருபது."

கிணறு ஏறியிருந்தது. ஆனால் அவர் சொன்ன அளவுக்கு ஏறவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். மேசை இழுப்பறையில் சிவப்புப் பேனா இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவர் சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்து, எண்ணை எழுதி, அதன் அடியில் *நான் சொன்னது பொய்த்தது, காரணம் தேட வேண்டும்* என்று தெளிவாக எழுதினார்.

"தோத்துட்டீங்களா, லிட்டர்?" என்றார் முதலாளியம்மா.

"ஆமாம்மா" என்றார் லிட்டர் அண்ணன். மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நோட்டை எல்லோரும் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தார்.